நீண்ட நாள் மருத்துவமனை வாசமும் உப்பில்லாச் சாப்பாடும்: சிரித்துச் சமாளித்தவர்களிடம் ஒரு கேள்வி

கேள்வி (நீடாமங்கலத்து மகள்)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை எழுபது வயதைக் கடந்தவர். ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நீண்ட காலமாகச் சர்க்கரை நோயும் உண்டு. காலில் வந்த புண் எலும்பு வரை இறங்கிவிட்டதால் ஒரு விரலை எடுத்துவிட்டு, ஆறு வாரங்களுக்கு நரம்பு வழியாக ஆண்டிபயாடிக் செலுத்த வேண்டும் என்று சொல்லித் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வைத்திருக்கிறார்கள். சிறுநீரகமும் ஓரளவு பாதிக்கப்பட்டிருப்பதால், சர்க்கரைக்கான பத்தியத்தோடு உப்புக் குறைப்பும் பொட்டாசியக் கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டன.

மருத்துவத்தில் எங்களுக்குக் குறை ஏதும் இல்லை. சாப்பாடுதான் பெரும் பாடாக இருக்கிறது. காலையில் ஆறிப்போன இட்லியும் உப்பில்லாத சாம்பாரும், மதியம் அளந்து வைத்த சோறும் வேகவைத்து நீரை வடித்த காயும், இரவு ஏழு மணி அடிப்பதற்குள் கோதுமை ரவை உப்புமாவும் வருகின்றன. இதே வரிசை நாள் தவறாமல் நடக்கிறது. நல்ல சாப்பாட்டுக்காகக் கும்பகோணம் வரை ரயிலேறிப் போய் வந்த மனிதர், இப்போது தட்டைக் கண்டாலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

சென்ற வாரம் ஒரு நாள் மதியம் மூடியை எடுத்த அப்பா, காயைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இந்தச் சௌசௌ எனக்கு முன்பே அட்மிட் ஆகியிருக்கும் போலிருக்கிறதே" என்றார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம், அவரும் சிரித்தார், சிரித்தபடியே பாதித் தட்டைக் காலி செய்தார். அந்த உற்சாகத்தில் மறுநாள் நானே உப்புமாவைப் பற்றி ஒரு கிண்டலைச் சொன்னபோது, "உனக்கென்னம்மா, கீழே கேன்டீனில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்து சிரிப்பாய்" என்று சொல்லித் தட்டைத் தள்ளிவிட்டார்.

ஒரே நகைச்சுவை ஒரு நாள் சோற்றை உள்ளே இறக்குகிறது, மறுநாள் கோபத்தைக் கிளப்புகிறது. நீண்ட நாள் மருத்துவமனையில் இருந்தவர்களும் அவர்களுக்குத் துணையாக இருந்தவர்களும், இந்தச் சாப்பாட்டுக் கஷ்டத்தைச் சிரிப்பால் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (நாகர்கோவில் வாசகர்)

சகோதரி, வணக்கம். தொடை எலும்பு முறிந்து, உள்ளே வைத்த தகட்டில் சீழ் பிடித்து, ஒரு மழைக்காலம் முழுவதையும் எலும்பு முறிவுப் பிரிவின் பொது வார்டில் கழித்தவன் நான். பொது வார்டுக்கு ஒரு வசதி உண்டு: எல்லோருக்கும் ஒரே கூட்டுதான் வரும் என்பதால், "நீ மட்டும் பரோட்டா தின்றாய்" என்று ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல வழியில்லை. உங்கள் தந்தையின் கோபத்துக்குக் காரணம் உங்கள் கிண்டலின் தரமாக இருக்காது என்றே நினைக்கிறேன். சாப்பிட வேண்டிய கட்டாயம் இல்லாதவர் அந்தச் சாப்பாட்டைக் கேலி செய்தால், கேலி நோயாளியின் மேல் விழுவதுபோலத் தோன்றிவிடும். எங்கள் வார்டிலும் பார்வையாளர் நேரத்தில் வந்து சாம்பாரை எட்டிப் பார்த்துச் சிரித்த உறவினர்களை யாருக்கும் பிடிக்கவில்லை. அதே சாம்பாரை நாங்கள் திட்டினால் வார்டே குலுங்கும்.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. மதியக் கூட்டு வந்ததும் யாராவது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் தின்றுவிட்டு, அது சுரைக்காயா, சௌசௌவா, பூசணியா என்று சொல்ல வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தெரியும். ஆனால் உப்பும் புளியும் இல்லாமல் ஒரே கொப்பரையில் வெந்த நீர்க்காய்களுக்குள் வேற்றுமை கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பது தின்று பார்த்தவர்களுக்கே தெரியும். சரியாகச் சொன்னவருக்கு அன்றைய செய்தித்தாளின் குறுக்கெழுத்துப் பக்கம் சொந்தம். ஒருவர் விடாப்பிடியாக "இது பப்பாளிக்காய்" என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் உண்மையாகவே பப்பாளிக்காய் வந்தபோது அவருக்குக் காய்ச்சல், வாயில் எதுவும் வைக்கவில்லை. அந்த அநியாயத்தைப் பற்றி நாங்கள் வெகுநாள் பேசிக்கொண்டிருந்தோம்.

என் பக்கத்துக் கட்டிலில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். இரவு உப்புமா தாமதமாகும்போதெல்லாம் அவருக்குக் காளமேகப் புலவர் நினைவுக்கு வந்துவிடுவார். நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவருடைய சத்திரத்துக்குப் பசியோடு போன காளமேகம், பொழுது சாயும்போது அரிசி வரும், அதைக் குத்தி உலையில் போடும்போது ஊர் உறங்கிவிடும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும் என்று பாடினார் அல்லவா? அந்தப் பாட்டைக் கேட்டுச் சத்திரக்காரர் மனம் நொந்ததும், காளமேகமே அதே சொற்களுக்கு வேறு பொருள் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு: நாட்டில் அரிசி அருகிப்போகும் பஞ்சத்திலும் இங்கே அரிசி வரும், உலையில் போட்டால் ஊரின் பசியே அடங்கும், இலையில் விழும் சோற்றின் வெண்மையைக் கண்டு வெள்ளியே நாணி எழுந்துவிடும் என்று வசையை வாழ்த்தாக்கிவிட்டாராம்.

ஆசிரியர் அதையே எங்கள் வார்டின் சட்டமாக்கிவிட்டார். யார் வேண்டுமானாலும் சாப்பாட்டைத் திட்டலாம், ஆனால் திட்டியவரே உடனே அதைப் புகழ்ச்சியாக மாற்றிச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாய் எடுக்க வேண்டும். "இந்த ரசத்தில் முகம் தெரிகிறது" என்று ஒருவர் குறை சொன்னால், "கண்ணாடி இல்லாத வார்டில் தலை சீவிக்கொள்ள உதவும் ரசம்" என்று அவரே முடிக்க வேண்டும். "சப்பாத்தி வளைய மறுக்கிறது" என்றால், "யாருக்கும் வளைந்து கொடுக்காத சப்பாத்தி" ஆகிவிடும். இதில் ஒரு சூட்சுமம் இருப்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. திட்டுவது எளிது, புகழ யோசிக்க வேண்டும். யோசித்துக்கொண்டே இருக்கும்போது கை தானாகத் தட்டுக்குப் போய்விடும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு எதிரே வயிற்றில் தையல் போட்ட ஒருவரை வேறு வார்டில் இடமில்லாமல் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். சிரிக்கும்போதெல்லாம் அவருக்குத் தையல் இழுக்கும். செவிலியர் அவருக்கு ஒரு தலையணையைக் கொடுத்து, சிரிப்போ இருமலோ வந்தால் அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். சாப்பாட்டு வண்டி வரும் ஓசை கேட்டதும் அவர் தலையணையை எடுத்து வைத்துக்கொள்வார். நாங்கள் அதைப் பார்த்தே சிரிக்கத் தொடங்கிவிடுவோம்.

பதில் 2 (கோவை நண்பர்)

வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் முடிந்தது. இதற்கு எதற்கு நகைச்சுவை?

பதில் 3 (உணவியலாளர், சேலம்)

கோவை நண்பர் சொல்வது எல்லோருக்கும் பொருந்தாது. சகோதரியின் தந்தைக்கு உணவின் அளவுக்கும் நேரத்துக்கும் ஏற்றபடி இன்சுலின் கொடுத்துக்கொண்டிருக்கலாம். வீட்டிலிருந்து வரும் டிபன் கேரியர் பேருந்தில் மாட்டிக்கொண்டால் அந்தக் கணக்கு முழுவதும் குலைந்துவிடும். மருத்துவமனை அனுமதித்தால் வீட்டுச் சாப்பாடு நல்லதுதான், ஆனால் அங்குள்ள உணவியலாளரைக் கேட்டு, எந்த வேளைக்கு எதை எவ்வளவு கொண்டுவரலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டு செய்ய வேண்டும்.

நான் பல ஆண்டுகளாக இந்தத் தட்டுகளைத் தீர்மானிக்கும் பக்கத்தில் இருப்பவள். அந்தக் கிண்டல்கள் எல்லாம் கடைசியில் என் காதுக்கும் வந்து சேரும் என்பதால், தட்டு ஏன் அப்படி இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரிந்தால் கேலியும் கூர்மையாகும்.

ஒரு தேக்கரண்டி உப்பு ஏறத்தாழ 5 கிராம் எடை இருக்கும். அதில் சுமார் 2,000 மில்லிகிராம் சோடியம் உள்ளது. உடல்நலமுள்ள ஒருவரே ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் வீடுகளில் குழம்பு, பொரியல், மோர், ஊறுகாய், அப்பளம் என்று அதைத் தாண்டிப் போவது சர்வ சாதாரணம். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்வதால் அதிலிருந்தும் சோடியம் வருகிறது. இந்த நாக்கோடு மருத்துவமனைக்கு வருகிறவருக்கு உப்புக் குறைத்த சாம்பார் வெந்நீராகத்தான் தெரியும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். ஆறுதலான செய்தி என்னவென்றால், குறைந்த உப்புக்கு நாக்கு சில வாரங்களில் ஓரளவு பழகிவிடும். ஆறு வாரம் இருக்கப்போகிறவருக்கு முதல் பாதிதான் கடினம்.

அடுத்தது அந்தச் சௌசௌ. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது ரத்தத்தில் பொட்டாசியம் தேங்கி, இதயத்துடிப்பின் சீரையே குலைத்துவிடக்கூடும். ஆகவே உருளைக்கிழங்கு, வாழைப்பழம், முருங்கைக்கீரை, இளநீர் எல்லாம் பட்டியலிலிருந்து போய்விடும். பொட்டாசியம் குறைவாக உள்ள சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், சௌசௌ ஆகியவை மாறி மாறி வரும். மற்ற காய்களைக் கொடுக்க வேண்டுமானால் தோலைச் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து வடித்துவிட்டு, மறுபடியும் புது நீரில் வேகவைத்து அந்த நீரையும் கொட்டிவிடுவோம். பொட்டாசியம் கணிசமாகக் குறையும், அதோடு ருசியும் போய்விடும். நாகர்கோவில் வாசகரின் வார்டில் கண்ணை மூடிக்கொண்டு காயைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதில் வியப்பே இல்லை.

மருந்தும் ஒரு காரணமாக இருக்கலாம். எலும்புத் தொற்றுக்குக் கொடுக்கும் மருந்துகளோடு மெட்ரோனிடசோல் சேர்ந்திருந்தால், வாயில் செம்புக் காசை வைத்ததுபோல ஓர் உலோகச் சுவை நிற்கும். அப்போது எவர்சில்வர் கரண்டிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் அல்லது மரக் கரண்டியைப் பயன்படுத்திப் பாருங்கள். சாப்பிடும் முன் வாயைக் கொப்பளிப்பதும் சிலருக்கு உதவும்.

நகைச்சுவை பற்றி என் கருத்து இது. சிரிக்கும் நோயாளிகள் அதிகம் சாப்பிடுகிறார்கள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். மிக நன்றாகக் கேலி பேசுபவர்களில் சிலர் ஏறக்குறைய எதையுமே தின்னாதவர்களாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது தட்டு மூடியபடியே வண்டிக்குத் திரும்பிவிடும், யாரும் கவனிக்கமாட்டார்கள். புண் ஆறுவதற்குப் புரதமும் ஆற்றலும் தேவைப்படும் நேரத்தில் இது ஆபத்து. ஆகவே சகோதரி, நகைச்சுவை எவ்வளவு நன்றாக இருந்தது என்பதைவிடத் தட்டில் எவ்வளவு மிஞ்சியது என்பதையே குறித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து சில நாட்கள் பாதிக்குமேல் மிஞ்சினால் உணவியலாளரிடம் சொல்லுங்கள். இன்சுலின் போட்ட பிறகு அப்பா தட்டைத் தள்ளிவிட்டால், அதை உடனடியாகச் செவிலியரிடம் சொல்லிவிட வேண்டும், சர்க்கரை சரிந்துவிடக்கூடும்.

பேரம் பேசவும் இடம் உண்டு. மிளகு, சீரகம், பூண்டு, இஞ்சி, கறிவேப்பிலை, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, கடுகு தாளித்த ஒரு கரண்டி எண்ணெய் ஆகியவை உப்பில்லாமலே ருசி தரும். "உப்புத்தான் கூடாது, தாளிப்புமா கூடாது?" என்று ஒரு நோயாளி என்னைக் கேட்டதிலிருந்துதான் எங்கள் சமையற்கூடத்தில் உப்புக் குறைத்த சாம்பாருக்கும் தனியாகத் தாளிக்கத் தொடங்கினோம். ஒன்றே ஒன்றை மட்டும் யார் சொன்னாலும் செய்துவிடாதீர்கள்: "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்பதை வாங்கிக்கொண்டுபோய்த் தூவிவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு அது சாதாரண உப்பைவிடக் கேடு செய்யலாம்.

பதில் 4 (விருதுநகர் ஆசிரியை)

வணக்கம் அம்மா. என் கணவருக்கு ரத்தப் புற்றுநோய்க்காகக் கீமோதெரபி கொடுத்தபோது, வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிட்டதால் தனியறையில் வெகுநாட்கள் இருந்தோம். சட்னி கூடாது, வெட்டி வைத்த பழம் கூடாது, வெளியிலிருந்து எதுவும் கூடாது. அப்போதுதான் கொதித்து இறக்கியது மட்டுமே வரும். ஆனால் சூடாக வரும் சாப்பாட்டின் வாசனையே அவருக்குக் குமட்டலை உண்டாக்கியது. அந்த நாட்களில் நான் எந்த நகைச்சுவையையும் முயன்று பார்க்கவில்லை. வாந்தி எடுப்பவரிடம் சிரிப்பை எதிர்பார்ப்பது கொடுமை. மூடியை அறைக்கு வெளியிலேயே திறந்து, ஆவி போன பிறகு உள்ளே கொண்டுவரச் சொன்னேன், அது உதவியது.

பிறகு ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. அந்த மருந்து பசியைக் கிளப்பிவிடும், தூக்கத்தையும் கெடுத்துவிடும். நள்ளிரவில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு பசிக்கிறது என்பார்; கையில் பிஸ்கட் தவிர எதுவும் இருக்காது. அப்போது அவரே ஒரு விளையாட்டைத் தொடங்கினார். கட்டிலின் குறுக்கு மேசையில் இலை போட்டிருப்பதாகப் பாவித்துக்கொண்டு, தண்ணீர் தெளித்து, நான் பரிமாற வேண்டும் என்பார். நான் அவசரப்பட்டு நேராகச் சோறு வைத்தால் ஒப்புக்கொள்ளமாட்டார். "முதலில் உப்பு எங்கே? இடப்பக்க மூலையில் வை" என்று அதட்டுவார். உப்பு, ஊறுகாய், இனிப்பு, பச்சடி, கூட்டு, பொரியல், வடை, அப்பளம், பிறகு சோறு, பருப்பு, நெய் என்று ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் விழ வேண்டும். கூட்டும் பொரியலும் இடம் மாறிவிட்டால் "எந்த ஊர்ப் பந்தி இது?" என்று கேட்பார். இரண்டாம் முறை பாயசம் கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இல்லாத பாயசத்துக்கு இரண்டாம் முறை கேட்டவர் அவர் ஒருவர்தான். அத்தனையும் முடிந்து இலையை மூடிய பிறகு, நிஜமான பிஸ்கட்டைப் பாலில் தோய்த்துத் தின்றுவிட்டுப் படுப்பார்.

இதை உங்கள் தந்தையிடம் நீங்களாகத் தொடங்க வேண்டாம். சிலருக்குக் கிடைக்காத சாப்பாட்டைப் பற்றிய பேச்சு ஆறுதல், சிலருக்கு அதுவே சித்திரவதை. என் கணவருக்குப் பக்கத்து அறையில் இருந்த பெரியவர், உணவைப் பற்றி யார் வாயெடுத்தாலும் வேண்டாம் என்று கையை ஆட்டிவிடுவார். முதல் சொல் உங்கள் தந்தையிடமிருந்தே வரட்டும். வந்துவிட்டால் பரிமாறுவதற்குக் கரண்டியோடு தயாராக இருங்கள்.

பதில் 5 (சமையற்கூடக் கண்காணிப்பாளர்)

மேலே எல்லோரும் சாப்பிடுபவர் பக்கத்திலிருந்து எழுதிவிட்டீர்கள். நான் மதுரை வட்டாரத்தில் ஒரு மருத்துவமனையின் சமையற்கூடத்தைக் கவனித்துக்கொள்பவன். விடியற்காலை நான்கு மணிக்கு முதல் ஈடு இட்லி இறங்கும். இறங்கிய நேரத்தில் வந்து தின்று பார்த்தால் உங்கள் வீட்டு இட்லிக்கு அது சளைத்ததல்ல. பிறகு என்ன ஆகிறது? தட்டில் வைத்து, பாலித்தீன் உறையை இழுத்து மூடி, அட்டை பார்த்துச் சர்க்கரை டயட், உப்பில்லா டயட், சாஃப்ட் டயட் என்று பிரித்து வண்டியில் அடுக்குகிறோம். இட்லியின் ஆவி அந்த உறையில் முத்து முத்தாகக் கோத்து, மறுபடியும் இட்லியின் மேலேயே சொட்டுகிறது. லிஃப்டுக்குக் காத்திருந்து, மாடி மாடியாக ஏறி, கடைசி வார்டை அடையும்போது இட்லியின் அடிப்பாகம் குழைந்து, மேற்பாகம் விறைத்துப் போயிருக்கும். உப்புமாவைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அது ஆறினால் கட்டியாகத்தான் செய்யும். எந்தச் சமையற்காரராலும் அதைத் தடுக்க முடியாது.

எங்களுக்கு வந்த கிண்டல்களில் மறக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். விபத்தில் இடுப்பெலும்பு உடைந்து வெகுநாள் படுத்திருந்த ஓர் அச்சகத் தொழிலாளி, தட்டோடு வரும் உணவுச் சீட்டின் பின்புறத்தில் கறுப்புக் கட்டம் போட்டு, நம் ஊர்ச் சுவரொட்டிகளைப் போலவே "கண்ணீர் அஞ்சலி" என்று தலைப்பிட்டு, "ரவை உப்புமா. தோற்றம்: காலை 5 மணி. மறைவு: காலை 8.15 மணி. இவண், ஆழ்ந்த பசியில் வாடும் மூன்றாம் மாடி நண்பர்கள்" என்று எழுதி, காலித் தட்டோடு திருப்பி அனுப்பியிருந்தார். சமையற்கூடத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் படித்துச் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு, மூன்றாம் மாடிக்கு வண்டி ஏன் 8.15-க்குப் போகிறது என்ற கேள்வி எழுந்தது. அந்த மாடிக்கு முதலில் வண்டியை அனுப்பத் தொடங்கினோம். புகார்ப் புத்தகத்தில் எத்தனையோ பேர் எழுதியும் நடக்காதது அந்தச் சீட்டால் நடந்தது. நாங்கள் புகாரைப் படிக்காதவர்கள் என்று நினைக்க வேண்டாம். "சாப்பாடு மோசம்" என்று மட்டும் எழுதினால் எதைத் திருத்துவது? அவர் மணியையும் மாடியையும் குறிப்பிட்டிருந்தார்.

அதே சீட்டை அவர் வார்டுச் சுவரில் ஒட்டியிருந்தால் நான் ரசித்திருக்கமாட்டேன். நாலு கட்டில் தள்ளி ஒரு குடும்பம் நிஜமாகவே அழுதுகொண்டிருக்கக்கூடும். அதை அவரும் உணர்ந்திருந்தார் என்றே நினைக்கிறேன், அதனால்தான் தட்டோடு மடித்து அனுப்பினார்.

இன்னொன்று. வண்டி தள்ளிக்கொண்டு வரும் பெண்ணிடம் "நீங்கள் இதைத் தின்பீர்களா?" என்று கேட்பது உங்களுக்கு ஒரு வேடிக்கைக் கேள்வி. அவர் அதைக் கட்டிலுக்குக் கட்டில் கேட்டுக்கொண்டு வருகிறார். சமைத்ததும் அவர் இல்லை, உப்பைக் குறைத்ததும் அவர் இல்லை. கேலி இட்லியோடு நிற்கட்டும். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்கள் தட்டு எந்த வார்டில் ஆறுகிறது என்ற உண்மையை அவர்தான் உங்களுக்குச் சொல்வார்.

கேள்வி கேட்டவரின் பதில்

எல்லோருக்கும் நன்றி. கிண்டலை நான் நிறுத்திவிட்டேன். கூடவே, கேன்டீனுக்குப் போகாமல் மருத்துவமனைச் சாப்பாட்டில் எனக்கும் ஒரு தட்டு பணம் கட்டி வாங்கி, மதியம் அவரோடு உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினேன். முதல் நாள் நான் கூட்டை வாயில் வைத்ததும் என் முகம் போன போக்கைப் பார்த்தே அப்பா சிரித்துவிட்டார். "பார்த்து மெல்லம்மா, பழகிவிடும்" என்று எனக்கு அறிவுரை வேறு சொன்னார்.

முந்தாநாள் இரவு வண்டி வெகுநேரம் வரவில்லை. அப்பா திடீரென்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சமையற்கூடத்திலிருந்து பொதுவார்டு வழியாக இரண்டாம் மாடி வரை செல்லும் கோதுமை ரவை உப்புமா, நீடாமங்கலம் கேட்டில் நின்றுகொண்டிருப்பதால் தாமதமாக வந்து சேரும். பயணிகளுக்கு ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று அறிவித்தார். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடினால் பேருந்துகள் எவ்வளவு தூரம் வரிசை கட்டி நிற்கும் என்பது அந்தப் பக்கத்தவர்களுக்குத் தெரியும். பக்கத்து அறைக்காரரும் அந்தப் பக்கத்து மனிதர்தான் போலும். "கேட்டைத் திறக்கச் சொல்லுங்கள் ஐயா" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். இப்போது வேளைக்கு ஓர் அறிவிப்பு நடக்கிறது. வண்டி தள்ளி வரும் அக்காவுக்கும் இது தெரிந்துபோய், நேரத்துக்கு வந்துவிட்டால் "இன்றைக்கு ரைட் டைம்" என்று அவரே சொல்லிக்கொண்டு உள்ளே நுழைகிறார்.

சேலம் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு, தட்டில் மிஞ்சுவதைத் தினமும் ஒரு தாளில் எழுதி உணவியலாளரிடம் காட்டினேன். அறிவிப்பு நடந்த நாட்களிலும் காலை இட்லி பெரும்பாலும் மிஞ்சுவது அதில்தான் தெரிந்தது. மருந்துச் சீட்டில் மெட்ரோனிடசோலும் இருந்தது. பிளாஸ்டிக் கரண்டிக்கு மாறிவிட்டோம். காலையில் இட்லிக்குப் பதிலாக அரிசி ரவைக் கஞ்சியும் முட்டையின் வெள்ளைக்கருவும், மதியம் உப்புக் குறைத்த மிளகு ரசத்துக்குத் தனித் தாளிப்பும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கறிவேப்பிலைத் துவையலைப் புளி இல்லாமல் அரைத்துக் கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்வார்களா என்று நாளை கேட்க வேண்டும், கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

பதில் 6 (உணவியலாளர், சேலம்)

துவையலைக் கேட்கும்போது, எவ்வளவு பருப்பு சேர்ப்பீர்கள், உப்புப் போடுவீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். புளியிலும் பொட்டாசியம் உண்டு என்பதால் அதை விட்டது சரியே. மணத்துக்குக் கொஞ்சம் சீரகத்தை வறுத்துச் சேர்க்கலாம். இரவு அறிவிப்புக்கு முன்பே இன்சுலின் போட்டுவிடுகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போட்டுவிடுகிறார்கள் என்றால் வண்டி தாமதமாவது வேடிக்கை இல்லை. தட்டு கைக்கு வந்த பிறகே ஊசியைப் போட முடியுமா என்று செவிலியரைக் கேட்டுவிடுங்கள்.